எலிசபெத் நகரத்து மெசின்

சினேகிதியின் கலியாண எழுத்துக்குச் சட்டை தைக்கவேண்டியிருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து, இரவு பதினொரு மணிக்குமேல்தான் நாங்கள் துணி வெட்ட உட்கார்ந்தோம். கையிலிருந்தது யாரோ கழித்துவிட்ட பழைய சிங்கர் மெசின்.

இதற்கும் எங்களுக்கும் நெடுநாள் உறவு. ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். 1856இல் அவருடைய கொம்பனி தவணைக்கு விற்கத் தொடங்கியது. மொத்தக் காசு இல்லாத வீட்டுக்குள்ளும் மெசின் நுழைந்தது அதனால்தான். இன்று நாங்கள் பிழைக்கும் இதே நியூ ஜேர்சியில், எலிசபெத் நகரில், 1873இல் அதன் பெருந்தொழிற்சாலை எழுந்தது. 1877இல் சிங்கர் இலங்கைக்கு வந்தது. பிறகு யாழ்ப்பாணத்து விறாந்தைகளிலும் கால்மெசின் ஓசை கேட்டது. கூலிக்குத் தைத்தே பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் எத்தனை பேர்!

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, அம்மா மெசினின் தலையைக் கழற்றித் தூக்கிப் பார்த்தா. முடியவில்லை. கத்தரிக்கோலும் ஊசிப்பெட்டியும் மட்டுமே எங்களோடு வந்தன.

எலிசபெத் தொழிற்சாலை அதற்கு முன்பே, 1982இல், மூடப்பட்டுவிட்டது. செய்த இடத்திலும் மெசின் இல்லை. தைத்த வீட்டிலும் இல்லை. தையல் மட்டும் எங்கள் கையில் மிஞ்சியிருக்கிறது.

அளவெடுக்கும்போது சினேகிதி சொன்னாள்: "அம்மா நிண்டிருந்தா, உள்ளுக்கு ரெண்டு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லியிருப்பா. பிறகு பிரிச்சுப் பெருப்பிக்கலாமெண்டு."

விட்டுத்தான் தைத்தோம்.