கணக்கு நோட்டும் ஜாதகக் கட்டமும்: கே.சி.எஸ். பணிக்கரின் ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’

கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) தம் ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை எப்படிப் பிறந்தது என்பதைத் தாமே பதிவு செய்திருக்கிறார். 1963-இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், இயற்கணிதத்தின் ரோமன் எழுத்துகள், வடிவியல் கோடுகள், அட்டவணைகள் எல்லாம் ஒரே தாளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. இவ்வரிசையைப் பற்றி எழுதுவோரில் பலர் இத்தகவலைச் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே யந்திரம், மந்திரம், தாந்திரிகம் என்று போய்விடுகிறார்கள். நோட்டுப் பக்கத்தை அவ்வளவு விரைவாகக் கடக்க முடியாது. பணிக்கர் அங்கிருந்து எடுத்துக்கொண்டது பரப்பை நிரப்பும் ஒரு முறை. பின்னால் வந்த மரபுக் குறிகள் அந்த முறைக்குள் குடியேறியவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1963-இல் அவர் புதியவர் அல்லர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கி, 1957-இல் அதே பள்ளியின் முதல்வரானவர். கேரளத்துக் காயல்களையும் தென்னந்தோப்புகளையும் தீட்டிய நீர்வண்ண ஓவியராகவே முதலில் அறியப்பட்டார். ஐம்பதுகளின் ‘தோட்டம்’ வரிசையில் வான்கோவின் தூரிகை வேகம் ஒளிவு மறைவின்றித் தெரிகிறது. அவர் முன் நின்ற சிக்கல் இதுதான்: உருவங்களை விடவும் மனமில்லை, அவை நிற்கும் ஆழவெளி, அவற்றின் மேல் விழும் ஒளி, அவை சொல்லும் கதை ஆகியவற்றைச் சுமக்கவும் மனமில்லை. முழு அருவத்துக்குள் நுழையும் பாதை திறந்தே இருந்தது. அவர் போகவில்லை.

கணக்கு நோட்டில் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டிருக்கிறது. அதில் ஒரு முக்கோணம் எண்ணுக்கு அருகில் இருக்கும். முன்னாலோ பின்னாலோ இருக்காது. வட்டம் சிறிதாக இருப்பதால் தொலைவில் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. படமும் எழுத்தும் ஒரே பேனாவால், ஒரே கனத்தில் விழுகின்றன. பாடத்தை மறந்து அந்தத் தாளைப் பார்க்கிறவருக்கு நிழலும் ஆழமும் இல்லாத, ஆனால் உருவங்கள் நிறைந்த ஒரு தளம் கிடைக்கிறது.

அத்தளம் பணிக்கரின் திரைச்சீலைக்கு வரும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ரோமன் எழுத்தின் இடத்தில் மலையாள எழுத்தின் சுழிகள் வருகின்றன. வடிவியல் படங்களோடு மீன், பறவை, பாம்பு, கோள்களை நினைவூட்டும் வட்டங்கள் சேர்கின்றன. எழுத்து வரிசைகள் மெல்லிய கோடுகளால் ஆன கட்டங்களுக்குள் ஓடுகின்றன. ஆனால் எதையும் சொல்வதில்லை. மலையாளம் படிக்கத் தெரிந்தவருக்கு இது கூடுதல் சோதனை. பழகிய சுழியைக் கண்டதும் கண் வாசிக்கப் பாய்கிறது, சொல் கூடாமல் திரும்புகிறது, பிறகே கோட்டைப் பார்க்கத் தொடங்குகிறது. மீன் தன் பருமனை இழந்து எழுத்தை நெருங்குகிறது. எழுத்து தன் ஒலியை இழந்து மீனை நெருங்குகிறது. அரை அருவம் என்று இப்படங்களைச் சொல்வது பொருந்துமானால், இந்த இருவழி இழப்பினால்தான் பொருந்தும்.

ஜாதகக் கட்டத்தின் சாயலை என்ன செய்வது என்று கேட்கலாம். சாயல் உண்மையிலேயே உண்டு. பல படங்களில் அது மறைக்கப்படவும் இல்லை. ஆனால் ஜாதகமும் ஒரு பக்கம்தான். கட்டம், எண், சுருக்கெழுத்து ஆகியவை ஒரே தளத்தில் அமரும் பக்கம், நம் வீடுகளில் பீரோவில் மடித்து வைத்திருக்கும் பக்கம். கணக்கு நோட்டைப் பார்த்த கண்ணுக்கு ஜாதகம் அதன் உள்ளூர் உறவாகத் தெரிந்திருக்க வேண்டும். காலவரிசையும் இதற்குத் துணை நிற்கிறது. தாந்திரிகக் கலை மீதான நவீன ஆர்வத்தைப் பரவலாக்கிய அஜித் முகர்ஜியின் நூல் வெளிவந்தது 1966-இல். பணிக்கரின் வரிசை அதற்கு மூன்றாண்டு மூத்தது.

1963-இல் இன்னொன்றும் நடந்தது. சென்னை ஓவியர்கள் பிழைப்புக்காகக் கைவினைச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தப் பணமே 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமமாக மாறியது. மெழுகுக் கோட்டால் துணியைத் தட்டையாக நிரப்பும் அந்த வேலைக்கும் பணிக்கரின் கோட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நிறுவ நான் முனையவில்லை. ஆயினும் அவரைச் சுற்றி அன்றாடம் நடந்த வேலை அது. மூலாதாரத்தையும் குண்டலினியையும் தேடிப் போகிறவர்கள் இந்தத் துணிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

தாந்திரிக வாதத்துக்கு எதிரான வலுவான சான்று படங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. யந்திரத்துக்கு மையம் உண்டு. எல்லாக் கோடுகளும் அந்தப் புள்ளிக்குக் கடன்பட்டவை. பணிக்கரின் மாணவர் கே.வி. ஹரிதாசன் மெய்யாகவே தாந்திரிகத்துக்குள் போனவர். அவருடைய படங்களின் சமச்சீர் அதைக் காட்டுகிறது. ஆசிரியரின் படங்களில் அத்தகைய மையம் இல்லை. கண் வரிவரியாக, பத்தி பத்தியாக நகர்கிறது, எங்கும் தங்கலாம். ஜாதகக் கட்டத்தின் நடுவிலும் கிரகம் எதுவும் அமர்வதில்லை என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். மீனுக்கு ஒரு பொருள், பாம்புக்கு ஒரு பொருள் என்று குறிப்புரை எழுதுவோர் முதலில் விளக்க வேண்டியது, அந்த மீன் ஏன் அடுத்த கட்டத்தில் இல்லாமல் இந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை. கோட்டின் நெருக்கத்தையும் வெற்றிடத்தின் அளவையும் கொண்டு அதற்கு விடை சொல்ல முடிகிறது. சாத்திரத்தைக் கொண்டு முடிவதில்லை.