மன்னாரும் சவேரியாரின் மகிழ்ச்சியும்

1544 சனவரி 15இல் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபையினர்க்குப் பிரான்சிஸ் சவேரியார் வரைந்த மடல், அயல்நாட்டு மறைப்பணியாளரின் உள்ளத்தை அறிதற்கு அரியதொரு சான்றாகும். முத்துக்குளித்துறைப் பரதவர்க்குத் திருமுழுக்கு வழங்கி வழங்கிக் கை சோர்ந்ததை அதில் எழுதுகின்றார். இம்மையிலேயே இத்துணை இன்பம் வேண்டாவென இறைவனை இரந்த ஒருவரைப் பற்றியும் குறிப்பிடுகின்றார்; பிறர் மேலிட்டுக் கூறினும் அவர் சுட்டியது தம்மையே என்பது வெளிப்படை. பாரிசுப் பல்கலைக்கழகத்திற் சென்று, கல்வியைப் பயன்படுத்தாத கற்றோர் முன் பித்தனைப்போற் கூவ விழைந்ததும் இம்மடலிலேதான். நமக்கும் அது சற்றே உறைக்கத்தான் செய்கின்றது.

அவ்வாண்டிலேயே மன்னார்த்தீவினர் அவரை வேண்டியழைத்தனர். கரையை விட்டகல இயலாமையால் வேறொரு குருவை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். மதமாற்றம் குடிகளைப் போர்த்துக்கேயர்பாற் சேர்க்குமென அஞ்சிய யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் தொகை 600 முதல் 700 வரை எனப்படுகின்றது; 1545 சனவரி 27ஆம் நாள் மடலில் சவேரியாரும் இக்கொலையைக் குறிப்பிடுகின்றார். நம் காலத்தும் வேதசாட்சிகள் இல்லாமற் போகவில்லையென அங்கும் அவர் நன்றியே கூறுகின்றார்.

ஆயினும் அந்நன்றி அமைதியாக இருந்துவிடவில்லை. சங்கிலியைத் தண்டிக்குமாறு போர்த்துக்கேய ஆளுநரை அவரே வேண்டினார். நாகபட்டினத்திற் கூடவிருந்த படை புறப்படவேயில்லை. பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் உடைந்து, அதன் சரக்கு மன்னன் கைப்பட்டமையே தடையாயிற்று. சரக்கை மீட்பதே அவர்க்கு முதன்மையாயிற்று போலும்! 1560இல்தான் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். சவேரியார் மறைந்து ஏறத்தாழ எட்டாண்டுகள் கடந்திருந்தன.