இருண்ட நாயகர்களும் பிளவுண்ட ரசிகர்களும்

சாக் ஸ்னைடர் இயக்கி 2016 மார்ச் 25 அன்று அமெரிக்காவில் வெளியான 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்', காமிக்ஸ் எனப்படும் படக்கதை இதழ்களில் வளர்ந்த நாயகர்களை ஐயமும் சினமும் நிறைந்தவர்களாகக் காட்டியதால், ரசிகர்களை இரு அணிகளாகப் பிரித்தது. முதல் நாள் பார்வையாளர்களிடம் திரையரங்கிலேயே மதிப்பீடு கேட்டுத் தொகுக்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்கு 'பி' தரமே கிடைத்தது. இரண்டாம் வார இறுதியில் அமெரிக்க வசூலும் ஏறத்தாழ 69 விழுக்காடு சரிந்தது. சூப்பர்மேனைக் கொல்ல ஈட்டியை ஓங்கிய பேட்மேன், இருவருடைய தாயாருக்கும் மார்த்தா என்பதே பெயர் என அறிந்து தணியும் காட்சியை ஒரு சாரார் எள்ளி நகையாட, எதிரியும் ஒரு தாயின் பிள்ளையே என்று அவன் உணரும் தருணமாக மறுசாரார் அதைப் போற்றினர். படத்தின் போக்கோடு பொருந்துவது பின்னவர் பார்வையே.

அடுத்து உருவான 'ஜஸ்டிஸ் லீக்' பணியிலிருந்து, மகளை இழந்த துயரில் ஸ்னைடர் 2017இல் விலக, இயக்குநர் ஜாஸ் வீடன் மாற்றியமைத்த வடிவம் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்து பலரை ஏமாற்றியது. ஸ்னைடரின் படத்தொகுப்பையே வெளியிடக் கோரிய ரசிகர்கள், விளம்பரப் பலகைகளுக்குப் பணம் திரட்டியதோடு, அவர் மகளின் நினைவாகத் தற்கொலைத் தடுப்புப் பணிக்கும் நன்கொடை சேர்த்தனர். அவர்களுள் சிலர் மாற்றுக்கருத்தினரை வசைபாடியதையும் வரலாறு மறைக்கலாகாது. நான்கு மணி நேரம் ஓடும் ஸ்னைடரின் வடிவம் 2021 மார்ச் 18 அன்று எச்பிஓ மேக்ஸ் தளத்தில் வெளியானது.