மூன்று தோட்டாக்கள்: வேட்டை ரைஃபிளும் அதற்கு மருந்து நிரப்பியவர்களும்

இன்னைக்கு எபிசோடை 1907-ல், குமாயூன் மலையில் இருக்கிற சம்பாவத்தில் தொடங்குவோம். 436 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்பட்ட ஒரு பெண் புலி. அதைத் தேடிப் போன ஜிம் கார்பெட்டின் கையில் பாயிண்ட் 500 ரைஃபிள். கூடவே மூணே மூணு தோட்டா. ரெண்டு சுடத்தான் வாய்ப்புக் கிடைக்கும், மூணாவது அவசரத்துக்கு என்பது அவர் கணக்கு.

மூணும் தீர்ந்துபோச்சு. புலி காயத்தோடு எதிரே நிற்குது. கார்பெட் ஓடிப்போய் தாசில்தார் வைத்திருந்த பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதில் குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளியே தெரிந்தது. சுட்டால் தன் முகத்திலேயே வெடிக்கலாம். ஆனாலும் சுட்டார். அந்தக் குண்டு குறி தவறிப் பாதத்தில்தான் பட்டது. புலி செத்தது முந்தைய காயங்களால்.

வேட்டைக் கதைகளில் நாம ரைஃபிளைத்தான் ஞாபகம் வச்சுக்குவோம். உண்மையில் வேட்டைக்காரரின் உயிரும், அந்த மிருகம் எவ்வளவு நேரம் வலியோடு கிடக்கும் என்பதும் தோட்டாவைப் பொறுத்தது. அப்போ அந்தத் தோட்டாவுக்கு மருந்து நிரப்பியது யார்?

எல்லாமே கையால்தான்

60 வருஷம் பின்னாடி போவோம், இலங்கைக்கு. 1848-ல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டலைச் சேர்ந்த கிப்ஸிடம் சொல்லிச் செய்த ஒரு ரைஃபிள் வைத்திருந்தார். எடை சுமார் 9.5 கிலோ. ஒரு முறை சுட 28 கிராம் கருமருந்து. குண்டு மட்டும் 85 கிராமுக்கு மேல்.

குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டணும், குண்டை இடிச்சு இறக்கணும், பின்னாடி கேப் மாட்டணும். அதாவது அன்றைக்கு ஒவ்வொரு வேட்டும் கையால் நிரப்பியதுதான். யானை பாய்ந்து வரும்போது மறுபடி நிரப்ப நேரம் ஏது? அதனால் நிரப்பிய துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பின்னாடியே வருவார்கள். மருந்தில் ஈரம் ஏறினாலோ அளவு தவறினாலோ யாரையும் குறை சொல்ல முடியாது.

கயிறு மாதிரி ஒரு மருந்து

1889-ல் இங்கிலாந்தில் கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின் சேர்த்து, கயிறு மாதிரி இழுத்த புகையில்லா மருந்து. இதுக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு: ராணுவத்துக்குக் கார்டைட் செய்ய 1903-ல் நீலகிரி அருவங்காட்டில் தொழிற்சாலை தொடங்கினார்கள்.

1898-ல் ரிக்பி நிறுவனம் பாயிண்ட் 450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. இனி தோட்டா ஃபேக்டரியில் இருந்து வரும், வேட்டைக்காரர் சுட்டால் போதும். ஆனா ஒரு சிக்கல். வெயில் ஏற ஏற கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா, இந்தியக் கோடையில் அறைக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளலாம். எதிரே புலி நிற்கும்போது வெற்றுக்கூடு வெளியே வராவிட்டால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால் வெப்ப நாடுகளுக்கு என்றே மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியாக விற்றார்கள்.

தேர்வில் அரசாங்கமும் தலையிட்டது. கலகக்காரர்களிடம் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்குக் குண்டு கிடைத்துவிடும் என்ற பயத்தில், 1907-ல் இந்தியாவிலும் சூடானிலும் பாயிண்ட் 450 தடை செய்யப்பட்டது. பாயிண்ட் 465, 470 எல்லாம் பரவியது அதற்குப் பிறகுதான்.

சின்னக் குண்டை நம்பியவர்

அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் இன்னொருவர் நேர் எதிர்த் திசையில் போனார். ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல். தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். இன்னைக்கு அந்த எண்ணைச் சொல்லவே கூசுது. மற்றவர்கள் 31 கிராம் குண்டு சுட்டபோது, இவர் பெரும்பாலும் சுட்டது 11 கிராம் குண்டு. ரிக்பியின் பாயிண்ட் 275. அதாவது சம்பாவத் புலிக்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த அதே வகை.

பெல் யானை மண்டையோட்டை ரம்பத்தால் ரெண்டாக அறுத்து, மூளை எங்கே இருக்குன்னு படித்தவர். ஆனால் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு வைத்திருந்த பாயிண்ட் 256-ஐ அவர் கைவிட்டது அதன் தோட்டாக்கள் சொதப்பியதால். ஜெர்மனியில் செய்த 7 மி.மீ. தோட்டாக்கள் அவரைக் கைவிடவில்லை. துப்பாக்கியை விட, அதற்குள் போகும் தோட்டாவைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார்.

இந்தப் பாடத்தைப் பாதியாகப் படிப்பது ஆபத்து. மூளை இருக்கும் இடம் தெரியாதவர் கையில் சின்னக் குண்டு யானையைக் கொல்லாது, காயப்படுத்தி அனுப்பும். அந்த யானை நாள் கணக்கில் வலியோடு அலையும்.

மறுபடியும் கைக்கு

1960-களின் இறுதியில் பர்மிங்ஹாமின் கைனாக் நிறுவனம் இந்தப் பெரிய தோட்டாக்களை நிறுத்திக்கொண்டது. பழைய இரட்டைக்குழல் வைத்திருந்தவர்களுக்கு வீட்டு மேஜையில் தாங்களே நிரப்புவதுதான் வழி. சுட்ட கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரணும், புது பிரைமர் வைக்கணும், மருந்தைத் தராசில் நிறுத்துப் போடணும், குண்டைப் பொருத்தணும்.

இதில் நுணுக்கம் இருக்கு. இரட்டைக்குழல் ரைஃபிளில் ரெண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி, ஒரு குறிப்பிட்ட தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் பற்றவைத்திருப்பார்கள். உங்கள் மருந்து வேகத்தை மாற்றினால் ரெண்டு குண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போகும். நவீன மருந்து அந்தப் பெரிய கூட்டை நிரப்பாது, அதனால் மேலே பஞ்சு மாதிரி எதையாவது அடைக்க வேண்டியிருந்தது. பேக்கர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தாச்சு: அளவு உங்க கையில், தப்பும் உங்க கையில்.

அப்போ கையால் நிரப்பலாமா, கூடாதா? உங்க ரைஃபிளுக்குப் பொருந்தும் தோட்டாவை வேறு யாராலும் இவ்வளவு சரியாகச் செய்ய முடியாது. ஆனால் கவனம் ஒரு நொடி சிதறினால் அதற்கான விலையைக் கொடுப்பது நீங்கள். இல்லைன்னா, எதிரே இருக்கும் மிருகம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தக் கேள்வியே முடிந்துபோச்சு. கார்பெட்டே பின்னாளில் ரைஃபிளை விடக் கேமராவைத்தான் அதிகம் தூக்கினார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.