தலைசுற்றல்: பித்தம் முதல் வைரஸ் வரை

தலை சுற்றினால் நம் ஊர்ப் பக்கம் முதலில் சொல்வது "பித்தம்" என்றுதான். உடனே எலுமிச்சைச் சாறு வரும். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இதே கதைதான். மூளையில் இரத்தம் தேங்கிவிட்டது என்று சொல்லி, நோயாளியின் உடம்பில் அட்டையை விட்டு இரத்தத்தை எடுத்தார்கள்.

1824-ல் பிரான்சின் ஃப்ளூரன்ஸ் புறாக்களின் உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களை வெட்டினார். புறாக்கள் நிலைகொள்ளாமல் சுழன்றன. 1861-ல் பாரிஸ் காதுகேளாதோர் பள்ளி மருத்துவர் மெனியர், தலைசுற்றல் காதிலிருந்தும் வரலாம் என்று அறிவித்தார்.

அடுத்தவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. காதைக் கழுவும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் நோயாளியின் கண்கள் ஒரு பக்கம் துடித்தன. சூடாக இருந்தால் மறுபக்கம் துடித்தன. இதையே அவர் சமநிலைச் சோதனையாக்கினார். அதற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி!

காது நன்றாகக் கேட்கும், ஆனால் உலகம் நாள்கணக்கில் சுற்றும். இந்த நோயை 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் லண்டனில் விரிவாக விவரித்தனர். சமநிலை நரம்பு வீங்குவதே காரணம். வாயோரத்தில் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸ் அந்த நரம்பிலேயே பதுங்கியிருப்பதை 1990-களில் கண்டார்கள். அது விழித்தெழுவதால் நோய் வரலாம் என்பது பரவலான கருத்து. ஆனால் 2004-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் வைரஸ் எதிர்ப்பு மருந்து பலன் தரவில்லை; ஸ்டீராய்டு மருந்துதான் உதவியது. சில வாரங்களில் மூளையே சமநிலையை மீண்டும் கற்றுக்கொள்கிறது. அதற்குத் தலை, கண் பயிற்சிகள் துணை செய்கின்றன.

இந்த வரலாறு கல்வராயன் மலைக்கும் தேவை. காது நரம்பால் வரும் சுற்றலும் பக்கவாதத்தால் வரும் சுற்றலும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே தெரியும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை சுமார் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்கி கள்ளக்குறிச்சி வருவதற்கே அதில் ஒரு பங்கு போய்விடும். 2022-ல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனாலும் "பித்தம்தான், காலையில் பார்க்கலாம்" என்று படுத்துவிட்டால் அது இருந்தும் பயனில்லை. சுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, உருவங்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.