மூன்று வட்டங்கள் கூடுமிடம்

1889 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யேர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் ஓர் ஊசல், காரணம் புலப்படாமல் அசைந்தது. விண்பொருள்களின் ஈர்ப்பினால் நிலத்தில் உண்டாகும் நுண்ணிய சாய்வை அளக்கவே எர்ன்ஸ்ட் வொன் றெபோர்-பாஷ்விட்ஸ் என்னும் இளம் வானியலறிஞர் அதனை அமைத்திருந்தார். பின்னர், அதே வேளையில் தோக்கியோவில் பூமி அதிர்ந்த செய்தியைச் சஞ்சிகையொன்றிலே படித்தபோதுதான் அசைவின் காரணம் அவருக்குத் தெளிவாயிற்று.

செய்தி வந்தமையால் இடம் தெரிந்தது. ஆளரவமற்ற நடுக்கடலின் அடியில் அதிர்ச்சி நிகழ்ந்தால் அதன் இடத்தை யார் வந்து சொல்வர்?

இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தைச் சேர்ந்த றிச்சட் ஓல்டம் இதற்கு வழி திறந்தார். 1897 ஜூன் 12 ஆந் திகதி அசாமை உலுக்கிய பேரதிர்ச்சியைத் தூரதேசத்துக் கருவிகளும் பதிந்திருந்தன. அத்தகைய பதிவுகளை ஆராய்ந்த அவர், அதிர்ச்சி ஒன்றேயாயினும் அதிலிருந்து புறப்படும் அலைகள் வெவ்வேறு வேகமுடையன என 1900 இல் எடுத்துக்காட்டினார். மின்னல் முந்த இடி பிந்துவது போன்றதே இதுவும். இடைவேளை நீள நீள, தூரமும் மிகும்.

அண்மையில் நிகழும் அதிர்ச்சிக்கு, இடைவேளையின் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் எனக் கொள்ளலாம். 25 செக்கன் கழித்து இரண்டாம் அலை வந்ததாயின் தூரம் 200 கிலோமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் 20 கிலோமீற்றரைக் குறிக்கும் படத்தில் அது 10 சென்ரிமீற்றர். கவராயத்தை அவ்வளவுக்கு விரித்து, கருவியிருக்கும் ஊரை மையமாக வைத்து ஒரு வட்டம் வரையவேண்டும். அதிர்ச்சி அவ்வட்டத்தின் மேல் எங்கோ நிகழ்ந்துள்ளது. திசையை அந்த வட்டம் சொல்லாது. வேற்றூரிலிருந்து வரையும் வட்டம் அதனை இரண்டு புள்ளிகளில் வெட்டும். அவ்விரண்டில் எது என்பதை மூன்றாம் ஊரின் வட்டமே தீர்க்கும். மூன்றும் ஒரே புள்ளியில் கூடுவது அரிது. நடுவே ஒரு சிறு முக்கோணம் எஞ்சும். அதிர்ச்சி நிலத்தின் ஆழத்தில் பிறப்பதும், அளவைப் பிழைகளும் அதற்குக் காரணம். தூரம் மிகுந்தால் தட்டையான படம் உதவாது. பூகோள உருண்டையின் மேலேயே வட்டமிடவேண்டும்.

ஆகவே, எத்துணைச் சிறந்த கருவியாயினும் தனித்திருந்து இடத்தைக் கூறிவிட முடியாதென்பதே இம்முறையின் இயல்பு. யப்பானிலே நெடுங்காலம் பணியாற்றி 1895 இல் இங்கிலாந்துக்கு மீண்ட யோன் மில்ன், உலகெங்கும் தம் கருவிகளை நிறுவச்செய்து, பதிவுகளை ஓரிடத்திற் சேர்ப்பித்தது இதனாலேயாம். கொழும்பிலும் அவருடைய கருவியொன்று இயங்கியது.

பிற்காலத்தில் கவராயத்தின் வேலையைக் கணினி ஏற்றது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலை சுமாத்திராவின் மேற்கே கடலடி பிளந்தபோது, ஏறத்தாழ 15 நிமிடத்துள், ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் அவ்விடத்தைக் கணித்து அறிவித்தது. அதிர்ச்சியின் வலிமையை அது குறைவாகவே மதிப்பிட்டது. இடத்தைக் காண்பதில் தவறவில்லை. கடலலை இலங்கையின் கீழ்க்கரையை அடையச் சுமார் இரண்டு மணித்தியாலம் சென்றது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் அந்நாளில் இருக்கவில்லை. மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் கரையோரத்து மக்கள், கடல் எழுந்து வந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே ஓடினர்.