நூலகத்துக்கு யார் பேசுவது? தளி எல்லையோர நூலகர்கள் தினசரி வேலையிலேயே செய்யக்கூடியவை என்னென்ன?

வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்க. அதில் 'நூலக வரி' என்று தனியாக ஒரு தொகை இருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் 10 சதவீதம் இதற்காக வசூலிக்கப்படுகிறது. 1,000 ரூபாய் வீட்டு வரி கட்டினால், கூடவே 100 ரூபாய் நூலகத்துக்கும் கட்டுகிறீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் இது 6 சதவீதம்தான்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீடு வைத்திருக்கும் எல்லோரும் இந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள். ஆனால் நூலகத்தில் கூரை ஒழுகினாலோ, கேட்ட புத்தகம் இல்லை என்றாலோ கேள்வி கேட்பவர்கள் குறைவு. இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய முதல் ஆள், தினமும் கதவைத் திறக்கும் நூலகர்தான்.

இந்த வரி எப்படி வந்தது?

நூலகர் ஒருவர் விடாமல் கேட்டதால் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. நூலகத்துக்கு ஒரு சட்டம், அதற்கென்று நிலையான வருமானம் வேண்டும் என்று 1930-லேயே மாதிரி மசோதா எழுதினார். 1933-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போன மசோதா நிறைவேறவில்லை.

பிறகு அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் விஷயம் நகர்ந்தது. 1948-ல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம் இதுதான்.

இடையில் 18 ஆண்டுகள். அந்தக் காலத்தில் வெறும் மனு மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1931-ல் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். 'கிராமத்தான் எங்கே படிக்கப் போறான்' என்றவர்களுக்கு அந்த வண்டியே பதில்.

நூலகர் வெளிப்படையாகப் பேச முடியுமா?

இங்கேதான் சிக்கல். பொது நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. அரசை விமர்சித்துப் பேட்டி கொடுக்க முடியாது. மேடை ஏறினால் பிரச்சினை வரலாம். அதனால் அவர்களின் கையில் இருப்பது அன்றாட வேலை மட்டும்தான். அது சின்ன விஷயம் இல்லை.

சரி, தினசரி என்ன செய்யலாம்?

• வருகைப் பதிவேடு: பேப்பர் படிக்க வருபவர்கள், டிஎன்பிஎஸ்சி-க்கு நாள் முழுக்க உட்கார்ந்து படிப்பவர்கள் பலர் கையெழுத்துப் போடுவதே இல்லை. புத்தகம் எடுத்தவர் மட்டும் கணக்கில் வருகிறார். நாற்காலி, கட்டிடம், தரம் உயர்வு என எது கேட்டாலும் மேலிடம் முதலில் பார்ப்பது எண்ணிக்கையைத்தான். 'ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க' என்று தினமும் சொல்வதும் நூலகத்துக்காகப் பேசுவதுதான்.

• 'இல்லை' நோட்டு: தளி பக்கம் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் கேட்கும். ஆனால் புத்தகக் கொள்முதல் பெரும்பாலும் மாநில அளவில் முடிவாகிறது. ஒருவர் கன்னடக் கதைப் புத்தகம் கேட்டு வெறுங்கையோடு திரும்பினால், அது எந்தக் கணக்கிலும் வராது. கேட்டுக் கிடைக்காதவற்றைத் தேதியோடு எழுதி வைத்தால், மாவட்ட நூலக அலுவலருக்குப் போகும் கடிதத்தில் அதுவே ஆதாரம்.

• நேரம்: ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும்போது நூலகம் மூடியிருக்கலாம். 'எப்போ வந்தா உங்களுக்கு வசதி?' என்று ஒரு மாதம் கேட்டுக் குறித்தால், நேரத்தை மாற்றக் கோருவதற்குக் காரணம் கையில் இருக்கும்.

• வரி பற்றிய ஒரு பலகை: 'உங்கள் வீட்டு வரியோடு 10% நூலக வரியும் கட்டுகிறீர்கள்' என்று வாசலில் எழுதி வைத்தால் போதும். இலவசமாக வருகிறோம் என்று தயங்குபவர், இது நம்ம பணம் என்று உள்ளே வருவார்.

• பள்ளியோடு தொடர்பு: பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பேசி, ஒரு வகுப்பை ஒரு மணி நேரம் அழைத்து வரலாம். பிள்ளை உறுப்பினரானால், அடுத்த வாரம் அம்மா அப்பாவும் வாசல் வரை வருவார்கள்.

நூலகர் பேச முடியாததை யார் பேசுவது?

வாசகர் வட்டம். நூலகம் சார்ந்த வாசகர்களின் இந்த அமைப்புக்கு அரசு ஊழியர் கட்டுப்பாடு கிடையாது. 1,000 ரூபாய் செலுத்தி 'புரவலர்' ஆகவும் முடியும்.

இன்னொரு இடம், கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும். ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டதா என்று யார் வேண்டுமானாலும் அங்கே கேட்கலாம். உள்ளாட்சி அமைப்புகள் இந்தப் பணத்தை நிலுவையில் வைப்பது தமிழ்நாட்டில் பலமுறை செய்தியான பிரச்சினை.

வாசகர்கள் பேசினால் நடக்குமா?

நடந்திருக்கிறது. 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011 நவம்பரில் அப்போதைய அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள். வழக்கு போனது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்றும் அது நூலகமாகவே இருக்கிறது.

அது தலைநகரில் உள்ள பெரிய கட்டிடம், கேமராக்கள் வந்தன. எல்லையோரத்தில் ஒரு சின்ன நூலகம் மெல்ல மெல்ல ஆளில்லாமல் போனால் யார் கண்ணிலும் படாது. அதனால்தான் அங்கே பதிவேட்டில் விழும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் மதிப்பு அதிகம்.

நீங்கள் செய்ய வேண்டியது?

அடுத்த முறை பேப்பர் படிக்கப் போனாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்க. தேடிய புத்தகம் இல்லை என்றால் சும்மா திரும்பாமல், எழுதி வைக்கச் சொல்லுங்க. நூலகர் மேலிடத்துக்கு எழுதும் கடிதத்துக்கு அதுதான் பலம்.